மெல்லிய மடிக்கணினியில் விரல் நோகாமல் தட்டச்சு செய்ய: முழுமையான வழிகாட்டி

நான் தட்டச்சு கற்றது கும்பகோணத்தில், பத்தாம் வகுப்பு விடுமுறையில். மாடியில் ஒரு பயிலகம், வரிசையாக இரும்பு இயந்திரங்கள், காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும் சத்தம். முதல் பாடம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. அரைகுறையாக அழுத்தினால் எழுத்து மங்கிவிடும். கார்பன் வைத்த மூன்றாம் தாளில் விழவே விழாது. அதனால் "அழுத்தி அடிம்மா" என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார் எங்கள் சார்.

இன்று சுவாமிமலைக்குப் பக்கத்தில் வீட்டில் இருந்தபடியே பதிப்பகங்களுக்கு நூல்களைத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது பக்கம் போகும். சில ஆண்டுகளுக்கு முன் மெல்லிய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். இரண்டாவது வாரமே இரண்டு சுட்டுவிரல் நுனிகளும் எரிந்தன. சாயங்காலம் மணிக்கட்டு கனத்தது. இரவில் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் கை சோர்ந்தது. கீபோர்டு சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கவனித்துப் பார்த்தபோது, கார்பன் தாளுக்கு அடித்த அதே அடியை ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள விசைக்கும் நான் அடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. உட்கார்ந்த விதமும் தப்பு. ஒவ்வொன்றாக மாற்றினேன். மாற்றிய வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். முதல் மூன்று படிகளுக்குக் காசு செலவில்லை. அவற்றை முடிக்காமல் புதிய கருவி எதுவும் வாங்காதீர்கள்.

விசைக்கு அடியில் என்ன இருக்கிறது

பழைய தட்டச்சு இயந்திரத்தில் விசை ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் கீழே இறங்கும். மேசைக் கணினியின் மெக்கானிக்கல் (விசைக்கு விசை தனி ஸ்பிரிங் வைத்த) விசைப்பலகைகளில் ஆழம் பெரும்பாலும் 4 மி.மீ. அதில் பாதி, அதாவது 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடும். மீதிப் பாதி, விரல் வேகம் தணிந்து நிற்பதற்கான இடம். மெல்லிய மடிக்கணினியில் மொத்த ஆழமே 1 முதல் 1.5 மி.மீ. வரைதான். விசைக்கு அடியில் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே மாட்டிய இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளும், நடுவில் ஒரு சின்ன ரப்பர்க் குமிழும் இருக்கும். குமிழ் அமுங்கும்போது விரலுக்கு ஒரு சிறு 'தட்' தெரியும். அதற்குக் கீழே உடனே உலோகத் தகடு. மிச்ச வேகத்தை வாங்கிக்கொள்ள இடம் இல்லாததால் அது விரல் நுனிக்கும் கணுவுக்கும் திரும்பி வருகிறது. எரிச்சலுக்குக் காரணம் இதுதான்.

மெல்லியதாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆப்பிள் 2015-இல் கொண்டுவந்த 'பட்டர்ஃபிளை' விசைகள் ஏறக்குறைய அரை மி.மீ. மட்டுமே இறங்கின. தூசி புகுந்தாலே விசை சிக்கியது, சில சமயம் ஒரே எழுத்து இரண்டு தரம் விழுந்தது. 2018-இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டமே அறிவிக்க வேண்டி வந்தது. 2019 கடைசியில் பழைய கத்தரி முறைக்கே, 1 மி.மீ. ஆழத்துக்கே திரும்பிவிட்டார்கள். அந்த 1 மி.மீ. போதுமா என்று கேட்டால், கை பழகிவிட்டால் போதும் என்பதே என் அனுபவம்.

முதல் படி: அடியைக் குறைப்பது

வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, சுட்டுவிரலை 'ஜே' விசைமேல் சும்மா வையுங்கள். மெல்ல, மிக மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். எழுத்து எந்த இடத்தில் விழுகிறது என்று விரலால் கண்டுபிடியுங்கள். இருபது தரம் செய்தால், எவ்வளவு குறைந்த அழுத்தம் போதும் என்று உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

அடுத்து, தெரிந்த ஒரு பத்தியைப் பாதி வேகத்தில் தட்டச்சு செய்யுங்கள். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் எழுத்துகள் விடுபட ஆரம்பிக்கும். அங்கே நிறுத்தி, இம்மி கூட்டுங்கள். அதுதான் உங்கள் அளவு. காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் இதைச் செய்தேன். மூன்றாவது வாரத்தில்தான் கை தானாக அந்த அளவுக்கு வந்தது. நடுவில் பழைய அடி திரும்பத் திரும்ப வரும், குறிப்பாக அவசர வேலையில். அடுத்த அறையில் இருப்பவருக்கு நீங்கள் தட்டுவது கேட்கிறதா என்று அவ்வப்போது விசாரியுங்கள். கேட்டால் இன்னும் ஓங்கித்தான் அடிக்கிறீர்கள்.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் தவிலும் நாகஸ்வரமும் அருகருகே உட்கார்ந்திருக்கும். தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு தோலை அடிக்கிறார். நாகஸ்வரக்காரர் விரல் துளையை மூடித் திறக்கிறது, அவ்வளவுதான். பழைய இயந்திரத்துக்குத் தவில் கை வேண்டியிருந்தது. இதற்கு நாகஸ்வர விரல் வேண்டும்.

விரலின் வளைவும் கொஞ்சம் மாற வேண்டும். உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் பிடித்த மாதிரி வளைக்கச் சொல்லித் தந்தார்கள். தட்டையான விசைகளில் அந்த வளைவைச் சற்றுத் தளர்த்தி, நகத்துக்குப் பின்னால் உள்ள சதைப்பகுதி படும்படி வையுங்கள். நகம் வளர்த்திருந்தால் இது நடக்காது. வாரம் ஒருமுறை வெட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: உயரம்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் நான் அதிக முக்கியத்துவம் கொடுப்பேன். தோளைத் தளர்த்தித் தொங்கவிட்டு, முழங்கையை எல் வடிவில் மடக்கினால் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, விசைகள் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலேயும் வளையக் கூடாது, கீழேயும் தொங்கக் கூடாது. முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோடு.

நம் வீடுகளில் மேசை பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் நடுத்தர உயரமுள்ள பெண்களுக்கு அது அதிகம். தோள் தானாக மேலே ஏறிவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கெட்டியான ஒரு தலையணையை நாற்காலியில் போட்டு உட்கார்ந்தேன். அப்புறம் கால் தொங்கியது. காலுக்கு அடியில் மணைப் பலகை வைத்தேன். அந்த ஒரு நாளிலேயே தோள்வலி குறைந்தது.

தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களும் நம் பக்கத்தில் நிறைய. அதில் தப்பில்லை, மடிக்கணினியை மடியிலோ பாயிலோ வைத்துக்கொண்டு குனிவதுதான் தப்பு. சம்மணமிட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்கைவரை உள்ள உயரத்தை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். கணினியின் தடிமனைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்கு வேண்டிய சிறுமேசையின் உயரம். முதுகு தூணிலோ சுவரிலோ சாய்ந்திருக்கட்டும். இடுப்புக்குக் கீழே ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டால் முதுகு வளையாது.

எங்கள் வீட்டில் தாத்தாவின் கணக்குப்பிள்ளை மேசை ஒன்று இருக்கிறது. நெல் மண்டிகளில் முன்பு இருந்த அதே சாய்வுப் பெட்டிதான். உயரம் எனக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்ததால் அதில் கணினியை வைத்துப் பார்த்தேன். பேனாவுக்குச் சாய்வு அருமை. விசைகளுக்கு அது ஆகாது: கணினியின் பின்பக்கம் உயர்ந்ததும் மணிக்கட்டு பின்னால் மடங்கிவிடுகிறது. தாழ்ந்த பக்கத்தில் பழைய பேரேடுகளை அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டுச் சமமாக்கினேன். வெளிக் கீபோர்டுகளின் பின்னங்கால்களை விரித்து வைப்பதும் இதே தவறுதான். அவற்றை மடக்கியே வையுங்கள்.

கட்டிலில், மெத்தைமேல் வைத்துத் தட்டச்சு செய்யாதீர்கள். அடியில் உள்ள காற்றுத்துளைகள் அடைபட்டு, சூடு விசைகள் வழியாக உள்ளங்கைக்கு ஏறும்.

திரை விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. விசை கைக்குச் சரியான உயரத்தில் இருந்தால் திரை கீழே போய்விடும், கழுத்து குனியும். திரையைக் கண்ணுக்கு உயர்த்தினால் விசை மார்புக்கு வந்துவிடும். இரண்டும் ஒட்டிய கருவியில் இதற்குத் தீர்வே கிடையாது. ஒரு மணி நேர வேலை என்றால் கைக்கு முன்னுரிமை கொடுங்கள், திரையை நன்றாகப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க என்றால் ஐந்தாம் படிக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாம் படி: நடுவில் உட்காருவது

15.6 அங்குலக் கணினிகள் பலவற்றில் வலப்பக்கம் எண்விசைகள் இருக்கும். அதனால் எழுத்து விசைகள் முழுவதும் இடப்பக்கம் தள்ளிப்போயிருக்கும். திரைக்கு நேராக உட்கார்ந்தால் இரண்டு கைகளும் இடப்பக்கம் சாய்ந்து, மணிக்கட்டுகள் பக்கவாட்டில் வளையும். எஃப், ஜே விசைகளில் சிறு மேடு இருக்கிறது அல்லவா? அந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் தொப்புள் வரட்டும். திரை கொஞ்சம் வலப்பக்கம் போகும், பழகிவிடும்.

கணினியின் முன்விளிம்பு கூர்மையாக இருந்தால் மணிக்கட்டை அதில் அழுத்தி வைக்காதீர்கள். தட்டும்போது கை மிதந்தபடி இருக்கட்டும். யோசிக்கும்போது மட்டும் ஊன்றிக்கொள்ளலாம்.

நான்காம் படி: தமிழுக்கு எந்த விசை அமைப்பு

விசைப்பலகை விமர்சனங்கள் எல்லாம் ஆங்கிலத் தட்டச்சை வைத்தே எழுதப்படுகின்றன. தமிழில் தட்டுகிறவர்களுக்கு விசையின் ஆழத்தைவிட, எந்த அமைப்பில் தட்டுகிறோம் என்பதே கையின் களைப்பைத் தீர்மானிக்கிறது.

ஆங்கில ஒலியை வைத்துத் தட்டும் முறையில் 'தஞ்சாவூர்' என்பதற்குப் பதினொரு தட்டு. 'பள்ளிக்கூடம்' என்பதற்குப் பன்னிரண்டு. அதோடு ள் என்ற எழுத்துக்காக ஷிஃப்டையும் பிடிக்க வேண்டும். ண, ள, ற எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே கதை. ஷிஃப்டைப் பிடிப்பது சுண்டுவிரல், அதாவது இருப்பதிலேயே நலிந்த விரல். மெல்லிய விசைப்பலகையில் விரல் ஆழ இறங்காததால், ஷிஃப்டு அழுந்தியதா இல்லையா என்ற சந்தேகத்தில் சுண்டுவிரலை இறுக்கிக்கொண்டே இருப்போம். எனக்கும் அங்கே வலி வந்தது.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 அமைப்பில் 'தஞ்சாவூர்' எட்டுத் தட்டு, 'பள்ளிக்கூடம்' பத்துத் தட்டு. ஷிஃப்டு தேவையே இல்லை. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். அடிக்கடி வரும் க, ப, ம, த, ந நடு வரிசையிலேயே இருக்கின்றன. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற இணைகளுக்கும் அப்படியே. எழுத்துகளில் ஷிஃப்டு வேண்டியிருப்பது ஜ, ஸ, ஷ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான். விண்டோஸிலும் மேக்கிலும் மொழி அமைப்புக்குள் போனால் தமிழ்99 கிடைக்கும். இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளும் உண்டு. ஒரு மாதம் வேகம் குறையும், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். தட்டச்சில் முதுநிலை தேறி, பழைய தமிழ் அமைப்பில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவர் என்றால் உடனே மாற வேண்டாம். வேலைக்குப் பழையதும், வீட்டில் புதியதுமாகச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள்.

மெல்லிய கணினியில் தமிழ்99 தட்டும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும்.

ண, ச, ஞ, ந, ய, ழ ஆறும் வலக்கைச் சுண்டுவிரலின் பங்கு. அதைத் தனியாக நீட்டி எட்டாமல், முழங்கையிலிருந்து கையையே அரை அங்குலம் நகர்த்துங்கள். ச என்ற எழுத்தை நான் மோதிர விரலால்தான் தட்டுகிறேன். பயிலகத்தில் இதற்குத் திட்டு விழும், ஆனால் கை நோகவில்லை.

இன்னொன்று, விசையில் தூசி சேர்ந்து ஒரு தட்டு இரண்டாக விழும் கோளாறு. ஆங்கிலத்தில் அப்படி விழுந்தால் எழுத்துப்பிழை உடனே கண்ணில் படும். தமிழ்99-இல் இரட்டை மெய் புள்ளியாகிவிடுவதால் 'எடு' என்பது 'எட்டு' ஆகிவிடும். 'எட்டு' சரியான சொல்தான் என்பதால் பிழைதிருத்தி விட்டுவிடும். ஒரு கவிதைத் தொகுப்பில் 'படு' என்று வர வேண்டிய இடத்தில் 'பட்டு' என்று போய், மெய்ப்பு பார்த்தவர் கேட்ட பிறகுதான் என் விசை கெட்டுப்போனதே எனக்குத் தெரிந்தது. அதனால் வாரம் ஒருமுறை ட, க, ப, த நான்கையும் இருபது இருபது தரம் நிதானமாகத் தட்டி எண்ணிப் பாருங்கள்.

அமைப்புகளுக்குள் போயிருக்கும்போதே இன்னும் சிலவற்றைச் செய்துவிடுங்கள். விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து திரும்ப விழத் தொடங்கும் நேரத்தை நீளமாக்குங்கள். ஷிஃப்டு அதிகம் தேவைப்படுகிறவர்கள் 'ஸ்டிக்கி கீஸ்' வசதியை இயக்கினால், ஷிஃப்டைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்தைத் தட்டினால் போதும், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். உள்ளங்கை பட்டுக் கர்சர் வேறு வரிக்குத் தாவினால், தொடுபலகையின் உணர்திறனைக் குறையுங்கள். மவுஸ் மாட்டியிருக்கும்போது தொடுபலகை அணைந்திருக்கும்படி விண்டோஸிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: வெளியே ஒரு கீபோர்டு

தினமும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது தேவை. மடிக்கணினியைப் புத்தகங்கள்மேல் ஏற்றித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். விசைப்பலகை கீழே, முழங்கை உயரத்தில். எண்விசைகள் இல்லாத வகையாக இருந்தால் மவுஸ் பக்கத்திலேயே இருக்கும், வலத்தோளை விரிக்க வேண்டாம். விலை உயர்ந்த மெக்கானிக்கல்தான் வேண்டும் என்றில்லை. இரண்டு ஆண்டுகள் சாதாரண ரப்பர்க் குமிழ் விசைப்பலகையில்தான் ஓட்டினேன். வெளியூர் போகும்போது கணினி விசைகளையே தட்டினாலும் இப்போது வலிப்பதில்லை, முதல் படியைக் கை மறக்காததால்.

ஆறாம் படி: தூசி, வியர்வை, காப்பி

நம் மண்ணுக்கென்று சில தொல்லைகள் இருக்கின்றன. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது வைக்கோல் தூசியும் உமியும் ஜன்னல் வழியாக வந்து இறங்கும். 1 மி.மீ. ஆழமுள்ள விசைக்குள் ஒரு உமித்துண்டு போதும். வேலை முடிந்ததும் மூடி, ஒரு வேட்டித் துண்டைப் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை கணினியை அணைத்து, ஏறக்குறைய செங்குத்தாகச் சாய்த்துப் பிடித்து, ஓவியம் வரையும் மெல்லிய தூரிகையால் வரிசை வரிசையாகத் தட்டிவிடுங்கள். விசைகளைக் கத்தியால் நெம்பி எடுக்க வேண்டாம். கத்தரித் துண்டின் கொக்கிகள் உடைந்தால் மாட்டுவது கடினம்.

சித்திரை, வைகாசியில் விரல் வியர்த்து, தட்டையான விசைகளில் வழுக்கும். வழுக்கினால் நாம் அழுத்தத்தைக் கூட்டுவோம். பக்கத்தில் ஒரு கைத்துண்டு இருக்கட்டும். பிசுக்கு ஏறிய விசைகளை, ஐசோபுரொபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட துணியால் துடைக்கலாம். வெற்றிலை போடுகிறவர்கள் சுண்ணாம்பு விரலோடு விசையைத் தொடாதீர்கள்.

காப்பி கொட்டிவிட்டால் அந்த நொடியே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூரை மாதிரி கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். அரிசிப் பானைக்குள் புதைப்பதும் பயன் தராது, தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும். அப்படியே பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போங்கள். காப்பியில் இருக்கும் சர்க்கரை காய்ந்தால் விசைகள் ஒட்டிக்கொள்ளும்.

புதிதாக வாங்கும்போது

கடையில் 'ஹலோ' என்று நாலு எழுத்து தட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். தமிழில் ஒரு முழுப் பத்தி தட்டுங்கள், நின்றுகொண்டு வேண்டாம், உட்கார்ந்து. விசையின் ஆழம் 1.3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை 19 மி.மீ. இருக்க வேண்டும், ஒரு ஸ்கேல் கொண்டு போனால் போதும். விசைப்பலகையின் நடுவில் விரலால் அழுத்தும்போது மொத்தத் தகடும் தொய்கிறதா என்று பாருங்கள். தமிழ்99 தட்டுகிறவர்கள் வலப்பக்க ஓரத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும். சிறிய கணினிகள் சிலவற்றில் ச, ஞ, ய, ழ இருக்கும் ஓர விசைகளை ஒடுக்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அவை அடைப்புக்குறியும் மேற்கோளும் சாய்கோடும், யாரும் கண்டுகொள்வதில்லை. நமக்கோ வரிக்கு வரி வேண்டிய எழுத்துகள்.

வலி போகவில்லை என்றால்

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, கையை உதறி, விரல்களை விரித்து மூடுங்கள். வலிக்கிற நாளில் முதல் வரைவைக் கைப்பேசியில் பேசியே ஏற்றிவிட்டு, திருத்தம் மட்டும் கையால் செய்யலாம். எண்ணெய் தேய்ப்பது தசைக்கு இதம். நரம்பு அழுந்தியிருந்தால் அது தீர்க்காது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தாலோ, டம்ளர் கைநழுவினாலோ, மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது காரணமாக இருக்கலாம். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையில் உள்ள நரம்பையும் பார்க்க வேண்டும். வேலை முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தட்டச்சு செய்கிறீர்கள், எந்த விரல் எப்போது மரக்கிறது என்பதை ஒரு வாரத்துக்குக் குறித்து, அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.